ரெண்டுக்கும் அறுபத்தஞ்சு

கேபிள் என் கையில இருக்கு. அதோட நுனி எதுலயும் சொருகாம மேசை விளிம்புல ஆடிக்கிட்டு இருக்கு. அப்படியிருந்தும் ஸ்கிரீன்ல ரெண்டாம் நம்பர் சென்சாருக்கு நேரா 'ஒண்ணு புள்ளி மூணு டிகிரி'ன்னு அசையாம நிக்குது.

"ஈயம்! இங்க வா சீக்கிரம்"னு கத்தினேன்.

ஈயம்ங்கறது எங்க கம்பெனியில ஈயத்தை உருக்கி போர்டுல ஒயரைப் பத்தவைக்கிற வேலை பார்க்கறவர். அம்பது வயசாகுது, அவர் சொந்தப் பேரு சம்பளச் சீட்டுல மட்டும்தான் இருக்கு. எனக்கு அவர் வெச்ச பேரு மிளகாய். ஏன்னு நான் விளக்க வேண்டியதில்ல, கொஞ்சம் பொறுத்தா உங்களுக்கே தெரிஞ்சிடும்.

"என்ன மிளகாய், காலங்காத்தாலேயே?"

"இதைப் பாரு. ரெண்டாம் சென்சார் சுடுதண்ணி டம்ளர்ல கிடக்கு. கேபிளையும் பிடுங்கிட்டேன். இது ஒண்ணு புள்ளி மூணுங்குது. என்ன, போர்டுக்குப் பேய் பிடிச்சிருக்கா?"

அவர் டம்ளரைத் தொட்டுப் பார்த்துட்டு விரலை உதறினார். "ஒண்ணாம் சென்சார் எங்க?"

"ஐஸ் தண்ணியில."

"அது எவ்வளவு காட்டுது?"

பார்த்தேன். ஒண்ணு புள்ளி மூணு. ஈயம் என் முகத்தைப் பார்த்தார், நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். அப்புறம் அவரே ஒண்ணாம் சென்சாரோட கேபிளைப் பிடுங்கினார். ரெண்டு நம்பரும் ஒண்ணா செத்துப் போச்சு.

இந்த இடத்துல நீங்க என்னை ஒரு நிமிஷம் பொறுத்துக்கணும். டயர் கடைக்கு மேல மூணு ரூம்ல இருக்கற சின்னக் கம்பெனி எங்களோடது. குளிர் அறைங்க எவ்வளவு குளிரா இருக்குன்னு ராப்பகலா பார்த்துக்கற பெட்டி செய்யறோம். பெட்டிக்குள்ள உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு. அதோட முதுகுல நாலு சீரியல் போர்ட். ஒவ்வொரு போர்ட்டுக்கும் உள்ள ஒரு ஃபைல் இருக்கணும், புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்தாத்தான் அந்த போர்ட்டுல சொருகியிருக்கற சென்சாரோட பேச முடியும். பெரிய கம்ப்யூட்டருங்க இந்த ஃபைல்களைத் தானே உண்டாக்கிக்கும். எங்களோடது பழைய மாடல், அதுக்கு நாமதான் ஒவ்வொண்ணா உண்டாக்கித் தரணும். அப்போ ஒரு பேரும் ரெண்டு எண்ணும் குடுக்கணும். பேரு நமக்கு, எண்ணு கம்ப்யூட்டருக்கு. முதல் எண்ணு நாலு, அது சீரியல் போர்ட்டுன்னு சொல்றதுக்கு. ரெண்டாவது, எந்தப் போர்ட்டுன்னு சொல்றதுக்கு: அறுபத்தி நாலு, அறுபத்தஞ்சு, அறுபத்தாறுன்னு போகும். அறுபத்தி நாலு லேப்டாப் சொருகறதுக்கு, சென்சாருங்க அறுபத்தஞ்சுல இருந்து ஆரம்பிக்கும். நீங்க ராஜான்னு பேரு வைங்க, மந்திரின்னு பேரு வைங்க, அது எண்ணைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கும்.

ஃபைல்களை வரிசையா எடுத்துப் பார்த்தேன். ஒண்ணாம் சென்சாரோட ஃபைல்: நாலு, அறுபத்தஞ்சு. ரெண்டாம் சென்சாரோட ஃபைல்: நாலு, அறுபத்தஞ்சு.

அடச்சீன்னு சிரிச்சுட்டேன். மேல் வரியை அப்படியே காப்பி எடுத்து கீழ ஒட்டி, பேரை மட்டும் மாத்திட்டு எண்ணை மாத்த மறந்திருக்கேன். அப்ப ரெண்டு ஃபைலும் ஒரே கதவைத்தான் தட்டும். ரெண்டாம் சென்சாரை யாருமே ஒரு வார்த்தை கேட்கல, அது பாட்டுக்கு சுடுதண்ணியில கிடந்திருக்கு.

"இதுக்குப் போயா இந்தக் கத்து கத்தினே? ஒரு எண்ணுதானே, மாத்திட்டு வேலையைப் பாரு"ன்னுட்டு ஈயம் கிளம்பினார்.

மாத்தப் போனவதான். கட்டளைங்க இருக்கற பட்டியலைத் திறந்தேன். உச்சியில, எழுதின தேதி. நான் இன்னைக்கு எழுதினதில்ல அது. பழைய பெட்டிக்கு எழுதினதை எடுத்து அப்படியே இதுக்கும் போட்டிருக்கேன். மூணு வருஷத்துக்கு முந்தின தேதி.

ரெண்டு அறையைப் பார்த்துக்கற பெட்டி இதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணுதான் செஞ்சிருக்கோம். மருந்து குடோனுக்கு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நாற்காலி பின்னால போய் சுவத்துல இடிச்சுது, நான் எப்ப எழுந்தேன்னு எனக்கே தெரியல.

அந்த குடோன்ல பதினோரு வருஷம் ஆபரேட்டரா இருந்தவர் என் அக்கா வீட்டுக்காரர். போன வருஷம் அவரை வேலையை விட்டு அனுப்பினாங்க. அனுப்பினது விசாரணையில நான் சொன்னதை வெச்சு.

நடந்தது இதுதான். குடோன்ல ரெண்டு குளிர் அறை. ரெண்டும் ரெண்டு டிகிரியில இருந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்கணும். ரெண்டாம் அறையில குழந்தைங்களுக்குப் போடற தடுப்பு மருந்து. ஒரு திங்கட்கிழமை காலையில ஆறு மணிக்கு அத்தான் ரெண்டாம் அறையைத் திறந்திருக்கார், மூஞ்சியில சூடா காத்து அடிச்சிருக்கு. உள்ள அவரே வாங்கி மாட்டியிருந்த கண்ணாடி தெர்மாமீட்டர் பத்தொம்பது காட்டியிருக்கு. உடனே மேனேஜருக்கு போன். அந்த மனுஷன் படுக்கையில இருந்தபடியே தன் போன்ல எங்க பெட்டி அனுப்பற நம்பரைப் பார்த்துட்டு, "நாலு புள்ளி ஒண்ணு காட்டுதே, உன் கண்ணாடி தெர்மாமீட்டரைத் தூக்கிக் குப்பையில போடு"ன்னு வெச்சிட்டார். அத்தான் போய்ப் பார்த்தா, ரெண்டாம் அறை குளிர் மெஷினோட கரண்ட் பிரேக்கர் விழுந்து கிடந்திருக்கு. தூக்கி விட்டிருக்கார். பத்து மணிக்கு மேனேஜர் வந்தப்போ அறை பழையபடி ஜில்லுன்னு ஆயிடுச்சு.

ஆனா மருந்துப் பெட்டிங்க மேல ஒரு புள்ளி ஒட்டியிருக்கும், சூடு பட்டா நிறம் மாறிடும். அத்தனை பெட்டியிலயும் மாறியிருந்துது. அத்தனையும் சனிக்கிழமைதான் வந்து இறங்கின சரக்கு.

அறை சூடாகவே இல்லைன்னு மெஷின் சொல்லுது. மருந்து சூடாயிருக்குன்னு புள்ளி சொல்லுது. அப்ப என்ன அர்த்தம்? சனிக்கிழமை வந்த மருந்துப் பெட்டிகளை அத்தான் உள்ள ஏத்தாம வெளிய வராந்தாவுல போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டார், திங்கட்கிழமை காலையில தள்ளி வெச்சிட்டு கதை கட்டறார். இதை நான்தான் சொன்னேன். விசாரணையில மேனேஜர், தலைமை ஆபீஸ்ல இருந்து வந்த ரெண்டு பேரு, பெட்டி செஞ்சவங்கற முறையில நான். அத்தான் எதிர்ல ஒரு ஸ்டூல்ல.

"அந்தக் கேபிளை..."ன்னு அவர் எதையோ ஆரம்பிச்சார்.

நான் விடல. என் நாக்குல சனி குடியிருந்துது. "அத்தான், உங்க கண்ணை நம்பறதா, மெஷினை நம்பறதா?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே வேற கேட்டேன். தலைமை ஆபீஸ்காரங்களும் சிரிச்சாங்க.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வாயை மூடிக்கிட்டார். அதுக்கப்புறம் அந்த ரூம்ல அவர் ஒரு வார்த்தை பேசல.

அவர்தான் அந்த வேலையையே எங்களுக்கு வாங்கித் தந்தவர், அதையும் சொல்லிடறேன். "என் மச்சினி பெட்டி செய்யறா, கெட்டிக்காரி"ன்னு மேனேஜர்கிட்ட போய் நின்னவர். பெட்டி மாட்டின முதல் மாசமே எனக்கு போன் பண்ணினார். "ஏம்மா, நான் ஒண்ணாம் அறைக் கதவைத் திறந்தா ரெண்டாம் அறை நம்பரும் ஏறுதே? மூடினா ரெண்டும் ஒண்ணா இறங்குது?" நான் என்ன சொன்னேன்? "நடுவுல ஒரே சுவர்தானே அத்தான், குளிர் கசியும்." அதோட விட்டுட்டேன். ரெண்டு அறையும் தசமப் புள்ளி வரைக்கும் ஒத்துப் போகுதுன்னு மேனேஜர் மெச்சினப்போ, முதலாளி ஆபீஸ்ல எல்லாரையும் எனக்குக் கைதட்டச் சொன்னார். நானும் இளிச்சுக்கிட்டு நின்னேன்.

நான் ஏன் அப்பவே கண்டுபிடிக்கல? சோதனை பண்ணும்போது ரெண்டு சென்சாரையும் ஒரே மேசையில பக்கத்து பக்கத்துல போட்டேன். ரெண்டுக்கும் ஒரே சூடு, ஒரே நம்பர். குடோன்ல ரெண்டு அறையும் ஒரே குளிரு, ஒரே நம்பர். இப்போ வந்த புது வாடிக்கையாளர் ஒரு அறையை மைனஸ் இருபதுல வைக்கணும்னு கேட்டதாலதான் இன்னைக்கு ஐஸும் சுடுதண்ணியும் மேசைக்கு வந்துது. இல்லைன்னா நான் சாகற வரைக்கும் கெட்டிக்காரிதான்.

முதலாளி ரூமுக்குப் போனேன். சொன்னேன். சொல்லி முடிக்கற வரைக்கும் அவர் பேனா மூடியைத் திருகிக்கிட்டே இருந்தார். முகத்துல ஈயாடல.

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஈயத்துக்கு. அவருக்கும் புது பெட்டியில தப்புன்னு மட்டும்தான் தெரியும்."

"நல்லது. நீ இப்பவே குடோனுக்குப் போ. அப்டேட் பண்ண வந்தேன்னு சொல்லு. எண்ணை மாத்து, வந்துடு."

"சார், எங்க அத்தான்..."

"உங்க அத்தானுக்கு இப்ப வேற வேலை கிடைச்சாச்சு இல்ல? பழசைக் கிளறினா கம்பெனியை இழுத்து மூடணும். நீயும்தான் வெளிய நிப்பே. ரெண்டு பொண்ணுங்களை வெச்சிருக்கே, யோசி."

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகுது. வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான். அது முதலாளிக்கும் தெரியும். நான் தலையாட்டிட்டு வந்தேன். ஆமாம், தலையாட்டினேன். இங்க நல்லவ வேஷம் போட்டு என்ன ஆகப் போகுது?

பஸ்ல போகும்போது மனசு ஒரு நப்பாசையைப் பிடிச்சுக்கிட்டு இருந்துது. ஒருவேளை குடோன்ல பெட்டி மாட்டப் போனப்போ நான் அங்கேயே எண்ணைச் சரி பண்ணியிருப்பேனோ? பண்ணிட்டு மறந்திருப்பேனோ? அப்படி இருந்தா மெஷின் சொன்னது சரி, நான் சொன்னதும் சரி, அத்தான் பொய்க்காரர். இதை வேண்டிக்கிட்டே போனேன். என் அக்கா புருஷன் பொய்க்காரரா இருக்கணுமேன்னு ஜன்னலோரம் உட்கார்ந்து வேண்டிக்கிட்டேன். இப்ப நினைச்சாலும் உடம்பு கூசுது.

குடோன்ல மேனேஜர் வெளிய போயிருந்தார். அத்தான் இடத்துல இப்ப வேலை பார்க்கற ஆபரேட்டர் ஒரு பொண்ணு, கலகலன்னு பேசறவ. "வாங்க மேடம்! உங்க மெஷின் சூப்பர் மேடம். ரெண்டும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி ஒரே நம்பர் காட்டும்"னா.

பெட்டி ரெண்டு அறைக்கும் நடுவுல, இடுப்பு உயரத்துல மாட்டியிருக்கு. லேப்டாப்பைச் சொருகி ஃபைல்களைப் பார்த்தேன். நாலு, அறுபத்தஞ்சு. நாலு, அறுபத்தஞ்சு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன்.

"என்ன மேடம், சாப்பிடலையா?"

"ஒண்ணுமில்லம்மா. பழைய பதிவு நோட்டு இருக்குமா? போன வருஷத்தோடது."

ஏன் கேட்டேன்னு இன்னும் எனக்குச் சரியா தெரியல. அந்த ஒரு நாளைக்கு அவர் என்ன எழுதினார்னு பார்க்கணும்போல இருந்துது. அவ அலமாரியில இருந்து பெரிய அட்டை போட்ட நோட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்தா. தேதியைத் தேடிப் பிடிச்சேன். ஒவ்வொரு பக்கத்துலயும் நாலு கட்டம்: நேரம், ஒண்ணாம் அறை, ரெண்டாம் அறை, குறிப்பு. குறிப்புக் கட்டம் வலது ஓரத்துல குறுகலா இருக்கும், யாரும் எழுதறதில்ல. அன்னைக்கு மட்டும் அது நிறைய, அத்தானோட பொடிப்பொடி எழுத்து, கட்டத்தைத் தாண்டி ஓரம் வரைக்கும் போயிருந்துது.

'2-ம் அறை, கண்ணாடி தெர்மாமீட்டர் 19. ஸ்கிரீனில் 4.1. மேனேஜருக்கு 6.10க்கு போன். பிரேக்கர் விழுந்திருந்தது, போட்டேன். 6.20க்கு 2-ம் அறை சென்சார் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்கிரீனில் 2-ம் அறை 4.1 மாறவில்லை. மறுபடி சொருகினேன். கம்பெனி மேடம் பார்க்க வேண்டும்.'

அதுக்குக் கீழ, 'பார்த்தேன்'னு எழுதி ஒரு கையெழுத்து.

என் கையெழுத்து.

ஆபரேட்டர் பொண்ணு ஏதோ பேசிக்கிட்டே இருந்தா, காதுல விழல. விசாரணை முடிஞ்சதும் தலைமை ஆபீஸ்காரர் ஒருத்தர் இந்த நோட்டை என் பக்கம் தள்ளி, "பார்த்தேன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க மேடம்"னது ஞாபகத்துக்கு வந்துது. நான் நம்பர் இருந்த கட்டத்தை மட்டும் மேல இருந்து கீழ ஒரு ஓட்டு ஓட்டினேன். போட்டுக் குடுத்தேன். எனக்கு மேல மேனேஜர் போட்டிருந்தார், எனக்குக் கீழ அந்த ரெண்டு பேரும் போட்டிருந்தாங்க.

நான் இன்னைக்குக் காலையில ஐஸும் சுடுதண்ணியும் வெச்சு, ஈயத்தைக் கூப்பிட்டுக் கத்திக் கண்டுபிடிச்சதை, அந்த மனுஷன் அன்னைக்கே ஒத்தை ஆளா, ஒரு கேபிளைக் கழட்டிக் கண்டுபிடிச்சிருக்கார். கண்டுபிடிச்சு எழுதியும் வெச்சிருக்கார். தன் மச்சினியை மேடம்னு எழுதி, பார்க்க வேண்டும்னு கேட்டிருக்கார். பார்த்தேன்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன்!

முதலாளி சொன்ன அப்டேட் எல்லாம் மறந்து போச்சு. "மேனேஜருக்கு போன் போடும்மா. உடனே வரச் சொல்லு. நான் கத்தறேன்னு சொல்லு"ன்னேன்.

இருபது நிமிஷத்துல அவர் வந்தார். வந்ததும் வராததுமா, "என்ன மேடம், என்ன அவசரம்?"

"இங்க நில்லுங்க. ஸ்கிரீனைப் பாருங்க. ரெண்டாம் அறை எவ்வளவு?"

"நாலு."

ரெண்டாம் அறை கேபிளைப் பிடுங்கி அவர் கையில குடுத்தேன். "இப்ப எவ்வளவு?"

அவர் ஸ்கிரீனைப் பார்த்தார். கேபிளைப் பார்த்தார். மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தார். கேபிளோட நுனியைத் திருப்பி, உள்ள எதுவோ ஒளிஞ்சிருக்கற மாதிரி எட்டிப் பார்த்தார்.

"இது... இது எப்போ இருந்து?"

"மாட்டின நாள்ல இருந்து. உங்க ரெண்டாம் அறையை மூணு வருஷமா யாருமே பார்க்கல. பார்த்தவர் ஒருத்தர்தான், அவரைத்தான் நாம எல்லாரும் சேர்ந்து வெளிய தள்ளினோம்." நோட்டைத் திருப்பி அவர் மூக்குக்கு நேரா நீட்டினேன். "படிங்க. இப்பவாவது படிங்க. உங்க கையெழுத்தும் இருக்கு."

அவர் படிச்சார். உதடு அசைய அசையப் படிச்சார். "மேடம், இது வெளிய தெரிஞ்சா"ன்னு ஆரம்பிச்சார். நான் போட்ட சத்தத்துல ஆபரேட்டர் பொண்ணு ரெண்டடி பின்னால போயிட்டா. என்ன சொன்னேன்னு இங்க எழுத முடியாது.

எண்ணை மாத்தினேன். அறுபத்தாறு. கேபிளைச் சொருகினேன். ரெண்டாம் அறைக்கு நேரா நம்பர் அழிஞ்சு, ஒரு விநாடி கோடு கோடா ஓடி, ஆறு புள்ளி ரெண்டுன்னு வந்து நின்னுது. மருந்துக்கு ஆபத்தில்ல. ஆனா அது நாலு இல்ல. ஆறு புள்ளி ரெண்டு.

அங்கேயே ஒரு காலிப் பெட்டி மேல உட்கார்ந்து மூணு பக்கம் எழுதினேன். என்ன தப்பு, யார் பண்ணினது, எந்த வரி, எந்த எண்ணு. அன்னைக்கு அறை உண்மையிலேயே சூடாச்சு, அப்போ இருந்த ஆபரேட்டர் சொன்னது அத்தனையும் நிஜம். விசாரணையில நான் சொன்னது தப்பு. மூணாம் பக்கம் கடைசியில நோட்டைப் பத்தியும் எழுதினேன், அதை எழுதத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. மேனேஜரும் பேசாம கையெழுத்து போட்டார், ஒரு நகலைத் தலைமை ஆபீஸுக்கு இன்னைக்கே அனுப்பறேன்னார், அத்தானை மறுபடி வேலைக்குக் கூப்பிடச் சொல்லி நானே எழுதறேன்னார். நடுவுல முதலாளி நாலு தடவை போன் பண்ணினார். அஞ்சாவது தடவை எடுத்து, "சொல்லிட்டேன் சார்"னு சொன்னேன். அவர் வெச்சிட்டார். என் வேலை அதோட போச்சுன்னு எனக்குப் புரிஞ்சுது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். நாலாவது மாடி, லிஃப்ட் ஓடல. பதினாலு மாசமா நான் ஏறாத படி. அக்கா என் நம்பரைப் பார்த்தா போனை எடுக்கமாட்டா, கடைத் தெருவுல என்னைப் பார்த்தா எதிர்ப் பக்கம் போயிடுவா. உண்மையைச் சொன்னதுக்கு இவளுக்கு என்ன இவ்வளவு வீம்புன்னு நானும் முறுக்கிக்கிட்டு இருந்தேன். என் பொண்ணுங்க பெரியம்மா வீட்டுக்குப் போகணும்னா அதட்டி உட்கார வெச்சிருக்கேன்.

கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்."

"எந்த நான்?"

"அக்கா, கதவைத் திறடி. கோவிச்சுக்கறதுன்னா உள்ள வெச்சுக் கோவிச்சுக்கோ."

சங்கிலி இழுபடற அளவுக்குக் கதவு திறந்துது. அக்கா முகம் பாதி தெரிஞ்சுது. இளைச்சிருந்தா. நான் எழுதின மூணு பக்கத்தையும் அந்த இடுக்கு வழியா நீட்டினேன். "அத்தான்கிட்ட குடு. படிச்சிட்டுப் போகச் சொன்னா போயிடறேன்."

அவ வாங்கிப் பார்த்தா. என்னவோ புரிஞ்சிருக்கணும், சங்கிலியை எடுத்துட்டா. ஆனா வான்னு சொல்லல. நான் செருப்பைக் கழட்டிட்டு வாசப்படிக்கு உள்பக்கம் நின்னுக்கிட்டேன்.

அத்தான் சாப்பாட்டு மேசையில உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போற பச்சைக் கலர் சட்டை இன்னும் உடம்புல இருந்துது. கார் நிறுத்தற இடத்துல தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்கற வேலை அவருக்கு இப்ப. என்னைப் பார்த்ததும், "வாம்மா"ன்னார், போன வாரம்தான் வந்துட்டுப் போனவளைக் கூப்பிடற மாதிரி. அக்கா பேப்பரை அவர் முன்னால வெச்சா. அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டார்.

படிக்க ஆரம்பிச்சார். ஒவ்வொரு வரிக்கும் கீழ விரலை வெச்சு, நிதானமா. ஒரு பக்கத்துக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. முதல் பக்கம் முடிஞ்சுது. முகத்துல ஒண்ணும் இல்ல, அதிர்ச்சியும் இல்ல, சந்தோஷமும் இல்ல. அறுபத்தஞ்சுங்கற இடத்துல லேசா தலையை ஆட்டினார், அவ்வளவுதான். ரெண்டாம் பக்கத்துல அவர் சொன்னது அத்தனையும் நிஜம்னு எழுதியிருந்த இடத்தையும் அதே வேகத்துல தாண்டிப் போனார். அக்காதான் அவர் தோளுக்கு மேல படிச்சுட்டு, புடவைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டா.

மூணாம் பக்கம் கடைசியில விரல் நின்னுடுச்சு.

அதே வரியைத் திரும்பப் படிச்சார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, மாட்டி, மறுபடி படிச்சார். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவர்கிட்ட பார்த்ததே இல்ல. விசாரணை ரூம்ல கூட இல்ல. யாரோ திடீர்னு அறைஞ்ச மாதிரி வாய் லேசா திறந்திருந்துது.

"நீ படிக்கலையா?"

"இல்ல அத்தான்."

"நோட்டுல எழுதியிருந்தேனே. நீ பார்த்தேன்னு போட்டிருந்தியே."

"நம்பரை மட்டும் பார்த்தேன். ஓரத்துல எழுதியிருந்ததைப் படிக்கல."

"கேபிளைப் பத்தி நான் சொல்ல வந்தப்போ..."

"எனக்குத் தெரியாது அத்தான். இன்னைக்குத்தான் தெரியும். சத்தியமா."

அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "இவ படிக்கவே இல்லையாம்"னார்.

"நீ தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன்னு நெனச்சேம்மா"ன்னார் அத்தான். "மெஷின்ல தப்புன்னு தெரிஞ்சா உன் வேலை போயிடும். ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு ஒத்தையில என்ன பண்ணுவா, அதான் பொய் சொல்றான்னு நெனச்சேன். நீ கண்ணை நம்பறதா மெஷினை நம்பறதான்னு கேட்டதும், சரி, இவ முடிவு பண்ணிட்டா, நாம காட்டிக் குடுக்க வேண்டாம்னு வாயை மூடிக்கிட்டேன். உங்க அக்காவைக் கூட வெளிய சொல்லாதேன்னு அடக்கி வெச்சேன். பதினாலு மாசம்."

காலையில கேபிள் கையில இருந்தப்போ வந்தது அதிர்ச்சின்னு நெனச்சேனே, அது ஒண்ணுமே இல்ல. எனக்காகத்தான் அவர் அன்னைக்கு வாயை மூடினார். என் பொய்யை மறைக்கத் தன் பேரைக் குடுத்திருக்கார். அப்படி ஒரு பொய்யை நான் சொல்லவே இல்ல.

அத்தான் மூணு பக்கத்தையும் ஒண்ணா சேர்த்து, ஓரம் தட்டி, மேசை மேல வெச்சார்.

"அன்னைக்கு நீ பொய்யே சொல்லியிருக்கலாமேம்மா"ன்னார்.

நான் வாசப்படியிலேயே உட்கார்ந்துட்டேன். அக்கா கதவைச் சாத்தல, என்னை எழுந்திருன்னும் சொல்லல.